கரண்ட் போனாலும் கிணற்று மோட்டார் ஓட: பேட்டரி இணைப்புக்கு ஒரு வழிகாட்டி

விளக்கு அணைந்தால் ஒரு மெழுகுவர்த்தியோடு சமாளித்துவிடலாம். கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், கரண்ட் போனதும் தண்ணீரும் நின்றுபோகும். அப்போதுதான் எல்லோரும் கேட்பார்கள்: "இந்த மோட்டாரை இன்வெர்ட்டரில் போட்டு ஓட்ட முடியாதா?"

முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் கணக்கைத் தவறான இடத்தில் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு எச்.பி. என்றால் 746 வாட், ஆகவே 1,500 வாட் இன்வெர்ட்டர் தாராளமாகப் போதும் என்று வாங்கிப் பொருத்தினேன். ஸ்விட்ச் போட்ட நொடியே இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றது. மோட்டார் அசையவே இல்லை. தண்ணீர் இறைக்க ஆகும் மின்சாரம் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. மோட்டார் எடுக்கும், அதாவது நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும், அந்த அரை நொடிக்கு வேண்டிய மின்சார இழுவைதான் மொத்தச் செலவையும் தீர்மானிக்கிறது. பேட்டரியின் அளவை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த அரை நொடியைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

இதில் கணக்குப் போடுவது, பொருளைத் தேர்வு செய்வது, இடம் ஒதுக்குவது எல்லாம் நீங்களே செய்யலாம். மெயின் போர்டில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

முதல் படி: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம்

ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த, இயற்பியல்படி தேவைப்படும் ஆற்றல் சுமார் 2.7 வாட்-மணி. அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மேல்நிலைத் தொட்டியின் வாய் வரை 50 மீட்டர் என்று வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 136 வாட்-மணி. மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் போகும் இழப்பைச் சேர்த்தால், வீட்டு அளவு நீர்மூழ்கி மோட்டார்களில் கொடுத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம்தான் தண்ணீரைத் தூக்கும் வேலையாக மாறும். ஆக, சுமார் 400 வாட்-மணி. இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் சேர்த்து 450 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்குள் 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதியைத் தொட்டாலே இந்தக் கிணற்றிலிருந்து இரண்டாயிரம் லிட்டர் ஏற்றிவிடலாம். முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். ஆற்றல் போதும், ஒரே ஒரு பேட்டரியால் அந்த மோட்டாரை எடுக்கவைக்கத்தான் முடியாது.

இங்கே உயரம் என்பது கிணற்றின் ஆழம் அல்ல. 80 மீட்டர் ஆழக் கிணற்றில் தண்ணீர் 30 மீட்டரில் நின்றால், அந்த 30 மீட்டரிலிருந்துதான் கணக்கு. ஆனால் மோட்டார் ஓடும்போது மட்டம் இறங்கும். கோடையில் இன்னும் இறங்கும். இறங்கிய மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் இல்லாமல் முடியாது என்று எழுதுங்கள். வழக்கமாகச் செலவாகும் அளவு வேறு. கரண்ட் இல்லாத நாளில் குடிக்க, சமைக்க, குளிக்க, கழிப்பறைக்கு வேண்டியது வேறு. தோட்டத்துக்குப் பாய்ச்சுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலைந்து பேர் இருக்கும் வீட்டில் சிக்கனமாக இருந்தால் 500 முதல் 1,000 லிட்டருக்குள் அடங்கும்.

இந்த இடத்தில் மேல்நிலைத் தொட்டியைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி, நிரம்பி நிற்கும் 2,000 லிட்டர் தொட்டி என்பது 900 வாட்-மணி பேட்டரிக்குச் சமம். அதற்கு ஆயுள் குறையாது, சார்ஜ் இறங்காது, தண்ணீரைத் திறந்தால் தானாக வரும். பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் தொட்டியைப் பெரிதாக்க முடியுமா என்று பாருங்கள். மின்தடை வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இடம் என்றால், பெரிய தொட்டியும் அதை எப்போதும் நிரப்பிவைக்கும் தானியங்கி மிதவை ஸ்விட்சும் மட்டுமே போதும். அங்கே மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

இரண்டாம் படி: மோட்டாரைப் படியுங்கள்

மோட்டார் கிணற்றுக்குள் இருக்கும். அதன் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. வாங்கியபோது வந்த கையேடோ பில்லோ இருந்தால் தேடுங்கள். மேலே சுவரில் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸின் மூடியிலும் விவரம் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும், விரலால் தொடாதீர்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: எத்தனை எச்.பி., எத்தனை வோல்ட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, முழுச்சுமையில் எத்தனை ஆம்பியர், கெப்பாசிட்டர் ஒன்றா இரண்டா. சில நாடுகளில் வீட்டுக்கு 120 வோல்ட்டும் 240 வோல்ட்டும் சேர்ந்தே வரும். அங்கே கிணற்று மோட்டார் பெரும்பாலும் 240-இல் ஓடும். 120 மட்டும் தரும் இன்வெர்ட்டரை வாங்கிவிட்டு அப்புறம் கவலைப்பட வேண்டாம்.

காகிதத்தில் இருப்பதைவிட நம்பத்தக்கது கிளாம்ப் மீட்டர். கம்பியை வெட்டாமல், ஒற்றைக் கம்பியைச் சுற்றிக் கவ்வினால் கரண்டைக் காட்டும் கருவி. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். மோட்டார் சீராக ஓடத் தொடங்கிய பிறகு அளந்தால் ஓட்டக் கரண்ட் கிடைக்கும். தொடக்க உச்சத்தைப் பிடித்துவைக்கும் வசதி உள்ள மீட்டர் என்றால் எடுக்கும்போது இழுப்பதையும் பார்த்துவிடலாம். வாங்குவதானால் அந்த வசதி இருப்பதையே வாங்குங்கள். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

ஒரு எச்.பி. என்பது மோட்டாரின் அச்சில் கிடைக்கும் வேலை. உள்ளே போவது அதைவிட அதிகம். ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் 1,100 முதல் 1,200 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் அளவில் காட்டும். அப்படிப்பட்ட மோட்டார் மேலே சொன்ன 50 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர் அளவில் தரும். ஆயிரம் லிட்டருக்கு இருபது நிமிடம். இந்த எடுத்துக்காட்டையே கடைசி வரை வைத்துக்கொள்வோம்.

ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்து உங்கள் மோட்டாரின் வேகத்தை அளந்துவிடுங்கள். வாட், நிமிடம், லிட்டர் மூன்றும் தெரிந்தால் பேட்டரிக் கணக்கு முடிந்தது.

மூன்றாம் படி: எடுக்கும் நேரத்து இழுவை

நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததும், அது சுழலத் தொடங்கி வேகம் பிடிக்கும் வரை, ஓட்டக் கரண்டைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு வரை இழுக்கும். சுழலாத மோட்டாரின் சுருளில் எதிர் மின்னழுத்தம் உருவாவதில்லை. கிட்டத்தட்ட வெறும் கம்பிச் சுருள்போல அது மின்சாரத்தை விழுங்கும். ஆறரை ஆம்பியர் மோட்டார் முப்பதைத் தாண்டும். நேரம் ஒரு நொடிக்கும் குறைவுதான். வீட்டு மின்கம்பி அதைச் சட்டை செய்யாது. இன்வெர்ட்டர் அப்படி இல்லை. தன் எல்லையைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், அல்லது மின்னழுத்தத்தைத் தாழவிடும்.

மின்னழுத்தம் தாழ்வது இன்னும் கெடுதல். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் விசை பத்தொன்பது விழுக்காடு குறையும். விசை குறைந்தால் மோட்டார் வேகம் பிடிக்கத் தாமதமாகும், தாமதமாகும் நேரம் முழுக்க அதே பெரிய கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும், ஸ்டார்ட்டிங் சுருள் சூடேறும். திரும்பத் திரும்ப முயன்றால் கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரே எரிந்துபோகும். அதை மேலே எடுக்கும் செலவை நினைத்துப் பாருங்கள். ஒரு முறை எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசையை அடக்குங்கள்.

கிணற்றுக்குள் இறங்கும் கேபிளும் இதில் பங்குக்கு வரும். 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பி கிலோமீட்டருக்கு 7.4 ஓம் தடை கொண்டது. நூறு மீட்டர் நீளம் என்றால் போக வர இருநூறு மீட்டர், ஏறத்தாழ ஒன்றரை ஓம். ஓடும்போது பத்து வோல்ட்டுக்குள்தான் இழப்பு, பரவாயில்லை. எடுக்கும்போது முப்பது ஆம்பியரில் 44 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். வீட்டு மின்சாரத்தில் இதைத் தாங்கி ஓடிக்கொண்டிருந்த மோட்டார், சற்றே தாழும் இன்வெர்ட்டரில் எடுக்க மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போட்டிருந்தால் இழப்பு 28 வோல்ட்டாகக் குறையும். மோட்டாரை எப்படியும் மேலே எடுக்கும் காலம் வந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள்.

இந்த இழுவையைச் சமாளிக்க இரண்டே பாதைகள்: பெரிய இன்வெர்ட்டர் வாங்கித் தாங்குவது, அல்லது இழுவையையே குறைப்பது. இரண்டாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் நல்ல பாதையாகப் படுகிறது.

த்ரீ ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி. எனப்படும் அதிர்வெண் மாற்றியும் சேர்ந்த ஜோடி ஒன்று உண்டு. சிங்கிள் ஃபேஸை வாங்கி, த்ரீ ஃபேஸாக மாற்றி, அதிர்வெண்ணைக் கீழிருந்து மேலேற்றி மோட்டாரை மெல்ல எடுக்கும். இழுவை ஓட்டக் கரண்டை ஒட்டியே இருக்கும். ஒரு எச்.பி.க்கு 5,000 வாட் இன்வெர்ட்டர் தேடியவருக்கு 2,000 வாட்டே போதுமாகிவிடும். கவனிக்க வேண்டியவை இரண்டு. நீர்மூழ்கி மோட்டாரின் அடித்தாங்கி தண்ணீர்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்வது. மிக மெதுவாகச் சுழன்றால் அந்தப் படலம் உருவாகாமல் தேயும். அதனால் பாதி வேகத்தை ஒரு நொடிக்குள் தொடும்படி அமைக்க வேண்டும், அதற்குக் கீழே ஓடவிடக் கூடாது. இன்னொன்று, வேகம் குறைந்தால் தூக்கும் உயரம் இருமடியாகக் குறையும். எண்பது விழுக்காடு வேகத்தில் அறுபத்து நான்கு விழுக்காடு உயரம்தான். மின்சாரம் மிச்சமாகும் என்று வேகத்தைக் குறைத்தால் மோட்டார் சுழலும், தண்ணீர் மட்டும் வராது. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குச் சாதாரண வி.எஃப்.டி. பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக மோட்டார் போடப்போகிறவர்கள் டி.சி. நீர்மூழ்கியைப் பாருங்கள். 48 வோல்ட்டில் நேரடியாகப் பேட்டரியிலேயே ஓடும், மெல்ல எடுக்கும், இன்வெர்ட்டரே வேண்டாம். நிமிடத்துக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைவாக இருக்கலாம். தொட்டி இருக்கும் வீட்டில் அது குறையே இல்லை; இருபது நிமிடத்தில் ஏறுவது ஒரு மணி நேரத்தில் ஏறட்டுமே.

தண்ணீர் மட்டம் ஏழு மீட்டருக்குள் இருக்கும் திறந்த கிணறு என்றால் இன்னும் எளிது. மேலே வைத்த சிறிய உறிஞ்சு பம்பே போதும், கால் எச்.பி.யோ அரை எச்.பி.யோ. காற்றழுத்தம் தள்ளிவிடும் உச்ச உயரமே 10.3 மீட்டர்தான், நடைமுறையில் ஏழெட்டு மீட்டரைத் தாண்டி உறிஞ்ச முடியாது. மட்டம் அதற்குக் கீழே போகாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வழி.

நான்காம் படி: இன்வெர்ட்டர்

மோட்டாரையும் கேபிளையும் மாற்றாமல், இருப்பதையே ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு இது.

வெளியே வரும் அலை தூய சைன் அலையாக இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. சதுர அலையோ மாற்றியமைத்த அலையோ கொடுத்தால் மோட்டார் முனகும், சூடேறும், கெப்பாசிட்டர் சீக்கிரம் போகும். விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருக்கும் பழைய சின்ன இன்வெர்ட்டரில் மோட்டாரை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

அடுத்து, உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் வகை, இல்லாத வகை என்று இரண்டு உண்டு. தூக்கிப் பார்த்தாலே தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் வகை, தன் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்குச் சுமையைச் சில நொடிகள் தாங்கும். எடை குறைந்த வகையின் விளம்பரத்திலும் "இருமடங்கு உச்சம்" என்றுதான் இருக்கும். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்று நுணுக்கமாகப் படித்தால் நொடியின் சிறு பகுதியாக இருக்கலாம். மோட்டாருக்கு அது போதாது. மோட்டார் ஓட்ட டிரான்ஸ்ஃபார்மர் வகையையே தேர்ந்தெடுப்பேன். விற்பவரிடம் "உச்சச் சுமை எத்தனை வாட், எத்தனை நொடி" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

எடுத்துக்காட்டு மோட்டாருக்கு முப்பது ஆம்பியருக்கு மேல், 230 வோல்ட் என்றால் ஏழாயிரம் வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) உச்சம் வேண்டும். 3,000 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வகை, மூன்று மடங்கு தாங்குவது உண்மையாக இருந்தால் ஒருவாறு எடுத்துவிடும். 5,000 என்றால் நிம்மதி. ஃபிரிட்ஜும் அதே இன்வெர்ட்டரில் இருந்தால் பெரியதையே வாங்குங்கள்.

இந்தப் பெரிய பெட்டிக்கு ஒரு விலை உண்டு; பலர் மாதக்கணக்கில் ஓட்டிய பிறகே கண்டுபிடிப்பது. சும்மா உயிரோடு இருப்பதற்கே அது மின்சாரம் தின்னும். 40 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 960 வாட்-மணி. ஆயிரம் லிட்டர் ஏற்ற 450 போதும் என்று பார்த்தோம். தண்ணீர் இறைக்கும் செலவைவிட, இன்வெர்ட்டர் விழித்திருக்கும் செலவு இருமடங்கு. நீண்ட மின்தடையில் பேட்டரி தீர்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும். தொட்டி நிரம்பியதும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். அடுத்த முறை வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம்.

மேல்நிலைத் தொட்டி இல்லாமல் அழுத்தத் தொட்டியும் பிரஷர் ஸ்விட்சும் வைத்து, குழாய் திறந்ததும் மோட்டார் எடுக்கும் வீடுகளில் இப்படி அணைத்துவைக்க முடியாது. ஒவ்வொரு வாளிக்கும் மோட்டார் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அந்தப் பேரிழுவை. அங்கே அழுத்தத் தொட்டியைப் பெரிதாக்குங்கள்; ஒரு தரம் எடுத்தால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓடும் அளவுக்கு. தொட்டிக்குள் இருக்கும் காற்றழுத்தம், மோட்டார் எடுக்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்கிறதா என்று தண்ணீரை வடித்துவிட்டு அளந்துபாருங்கள். காற்று இறங்கிய தொட்டிதான் மோட்டாரை நிமிடத்துக்கு நாலு தரம் எடுக்கவைக்கும்.

ஐந்தாம் படி: பேட்டரி

மோட்டார் எடுக்கும் நேரத்து ஏழாயிரம் வி.ஏ.யில் உண்மையில் செலவாவது சுமார் 5,000 வாட் என்று வைத்தால், இன்வெர்ட்டர் இழப்போடு பேட்டரி கொடுக்க வேண்டியது ஆறாயிரத்தை ஒட்டி. 12 வோல்ட்டில் அது 500 ஆம்பியர். 24-இல் 250. 48-இல் 125. கரண்ட் பாதியானால் கம்பியில் சூடாகப் போகும் இழப்பு நான்கில் ஒன்றாகும். ஒரு எச்.பி. மோட்டாருக்கு 48 வோல்ட், அரை எச்.பி.க்கு 24 போதும். 12 வோல்ட்டை இந்த வேலைக்கு நினைக்காதீர்கள்.

ஈயப் பேட்டரி என்றால் 12 வோல்ட் நான்கை வரிசையாக இணைக்க வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியவை. பழையது மூன்றும் புதியது ஒன்றும் சேர்த்தால் புதியதும் பழையதன் கதிக்கு வந்துவிடும். 150 ஆம்பியர்-மணி நான்கு சேர்ந்தால் 7,200 வாட்-மணி. பாதியைத் தொட்டால் 3,600. ஆயிரம் லிட்டராக எட்டுத் தடவை. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால் தகட்டில் சல்ஃபேட் இறுகி, மீளவே மீளாது. மின்தடை முடிந்ததும் உடனே முழுச் சார்ஜ் ஏற வேண்டும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பெட்டி ஒன்றில் 5,120 வாட்-மணி. எண்பது விழுக்காட்டைத் தாராளமாக எடுக்கலாம்; ஒன்பது தடவை. எடை குறைவு, ஆயுள் அதிகம், சுமையில் மின்னழுத்தம் அவ்வளவாகத் தாழாது. ஆனால் உள்ளிருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை ஒரு எல்லைக்கு மேல் கரண்டை விடாமல் வெட்டிவிடும். தொடர்ச்சியாக 100 ஆம்பியர் என்று போட்டிருக்கும் பெட்டி, ஒரு நொடிக்கு 125 ஆம்பியரைத் தாங்குமா என்று அதன் தாளில் பார்த்து உறுதிசெய்யுங்கள். தாளில் அந்த விவரமே இல்லாத பெட்டியை நான் வாங்கமாட்டேன். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் இந்த வகை பாழாகும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள். இன்வெர்ட்டரின் சார்ஜர் அமைப்பில் பேட்டரியின் வகையைச் சரியாக மாற்ற மறக்காதீர்கள். ஈயத்துக்கான மின்னழுத்தம் வேறு, லித்தியத்துக்கானது வேறு.

மின்தடை நாள்கணக்கில் நீளும் இடமாக இருந்தால் மட்டும் சோலார் தகட்டைச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். நாளுக்கு ஆயிரம் லிட்டர்தான் தேவை என்றால் 400 வாட் தகடே, வெயில் இருக்கும் நாளில், வேண்டியதைவிட அதிகம் தந்துவிடும்.

ஆறாம் படி: கம்பி, ஃப்யூஸ், இடம்

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். கேபிளின் பருமன் இன்வெர்ட்டர் கையேட்டில் எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதற்குக் குறையக் கூடாது. கேபிள் முனையில் மாட்டும் லக்குகளைச் சுத்தியலால் அடித்து நசுக்காமல் முறையான கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். தளர்ந்த ஒரு நட்டு போதும், மோட்டார் எடுக்கும்போதெல்லாம் அந்த இடம் பழுக்கும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். அது டி.சி.க்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அதன் தீப்பொறி தானே அணையும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, ஏ.சி.க்கான எம்.சி.பி.யை (மிகை கரண்டில் தானே விழும் ஸ்விட்சை) போட்டால் திறந்த பிறகும் உள்ளே பொறி தொடர்ந்து எரியக்கூடும். ஃப்யூஸின் அளவு கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது.

ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய அலமாரியும் படுக்கையறையும் அதற்கு இடமல்ல. மேலே காற்று வெளியேற வழியுள்ள இடம் வேண்டும். வேலை செய்யும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு: அதன் ஷார்ட் சர்க்யூட் ஸ்பானரை உருக்கும்.

ஏழாம் படி: சேஞ்ச்ஓவர்

இதில் சொல்வது உங்களுக்காக மட்டும் அல்ல. உங்களுக்குத் தெரியாத ஒருவரின் உயிருக்காகவும்.

மோட்டாருக்கு வெளி மின்சாரம், இன்வெர்ட்டர் மின்சாரம் இரண்டில் ஒன்றுதான் எந்த நேரத்திலும் போக வேண்டும். இரண்டும் சேரவே முடியாதபடி, ஒன்றை விட்ட பிறகே மற்றொன்றைத் தொடும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இருக்க வேண்டும். ஃபேஸோடு நியூட்ரலும் மாறும் இரட்டை முனை வகையா, வேறா என்பதை உங்கள் ஊர் விதி அறிந்த மின்பணியாளர் சொல்வார். அது இல்லாமல் இன்வெர்ட்டர் மின்சாரம் மெயின் போர்டு வழியாக வெளிக்கம்பிக்குப் போனால், தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். கம்பம் ஏறிப் பழுது பார்ப்பவர் கரண்ட் இல்லை என்று நம்பித் தொடுவார். மெயினை நான் மறக்காமல் அணைத்துவிடுவேன் என்பது பாதுகாப்பு அல்ல. இருபுறமும் ஆண் பிளக் வைத்த ஒயரைச் செய்து சுவர் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள்.

எர்த் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வீட்டு மின்சாரத்தில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஓரிடத்தில் இணைந்திருப்பதால்தான் கசிவு ஏற்படும்போது ஆர்.சி.சி.பி. எனும் கசிவுக் காவல் ஸ்விட்ச் விழுகிறது. இன்வெர்ட்டருக்கு மாறியதும் அந்த இணைப்பு அறுந்துபோகலாம். அப்போது கசிவு இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது. சில இன்வெர்ட்டர்கள் பேட்டரியில் ஓடும்போது அந்த இணைப்பைத் தாமே ஏற்படுத்தும். சிலவற்றில் தனியாகச் செய்ய வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்து விழுந்தால் எல்லாம் சரி என்று முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பொத்தான் எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. பேட்டரியில் ஓடவைத்து, சோதனைக் கருவியால் எர்த்துக்குக் கசிவு கொடுத்துப் பார்க்கச் சொல்லி மின்பணியாளரிடம் கேளுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது.

எட்டாம் படி: முதல் ஓட்டம்

கரண்ட் இருக்கும் பகல் நேரத்தில், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது செய்யுங்கள். அவசரம் வந்த இரவில் முதன்முறையாக முயலாதீர்கள்.

இன்வெர்ட்டரில் வேறு சுமை எதுவும் வேண்டாம். மோட்டார் ஒயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வுங்கள். பேட்டரி முனையில் வோல்ட் மீட்டரோடு இன்னொருவர் நிற்கட்டும். ஸ்விட்ச் போட்டதும் ஒரு நொடிக்குள் கரண்ட் உயர்ந்து இறங்கி, வீட்டு மின்சாரத்தில் அளந்த அதே எண்ணில் வந்து நிற்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால் மூன்று எண்ணும் முன் அணைத்துவிடுங்கள். பேட்டரி மின்னழுத்தம் அந்த நொடியில் எவ்வளவு தாழ்ந்தது என்று குறியுங்கள். 48 வோல்ட் ஈயப் பேட்டரி 44-க்குக் கீழே போனால் முனை இணைப்பிலோ கேபிளிலோ பேட்டரியிலோ பலவீனம் இருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் உடனே நிறுத்தி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு தொட்டி முழுக்க ஓடட்டும். பதினைந்து நிமிடம் கழித்து ஒவ்வொரு லக்கின் மேலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அணைத்துவிட்டு இறுக்க வேண்டும்.

தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் காவல் கருவி வைத்திருந்தால், அதை இன்வெர்ட்டரில் ஓடும்போது மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அது கரண்ட் குறைவதை வைத்துத்தான் வற்றியதைக் கண்டுபிடிக்கிறது. இன்வெர்ட்டர் தரும் மின்னழுத்தம் சற்று வேறாக இருந்தால் ஓட்டக் கரண்டும் மாறும். காரணமே இல்லாமல் மோட்டார் நிற்கும், அல்லது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது.

பிறகு

மாதம் ஒரு முறை, சேஞ்ச்ஓவரைத் திருப்பி, பேட்டரியிலேயே ஒரு தொட்டியை நிரப்புங்கள். தேதி, எடுக்கும்போது தாழ்ந்த வோல்ட், ஓட்டக் கரண்ட், தொட்டி நிரம்ப ஆன நிமிடம் நான்கையும் கன்ட்ரோல் பாக்ஸ் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஈயப் பேட்டரியாக இருந்தால் அன்றைக்கே காய்ச்சி வடித்த நீரின் மட்டத்தையும் பாருங்கள்.

அந்த நோட்டு ஆறு மாதத்தில் பேசத் தொடங்கும். தாழும் வோல்ட் மட்டும் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் பேட்டரி முதிர்கிறது. கரண்ட் அதே, நிமிடம் மட்டும் கூடுகிறது என்றால் கிணற்று மட்டம் இறங்கியிருக்கிறது அல்லது பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று ஒரு கயிறும் எடைக்கல்லும் வைத்து மட்டத்தை அளந்தால் தெரியும். கரண்ட் கூடி நிமிடமும் கூடினால், மோட்டாரிலோ கெப்பாசிட்டரிலோ கோளாறு. முதலில் கெப்பாசிட்டரை அளந்துபாருங்கள். மேலேயே இருப்பது, மாற்றுவதும் எளிது.